ஒரு சாண் ஆட்டம்

ஜூன் 3, திங்கள்

ஸ்டியரிங் ஒரு சாண் தூரம் சும்மா சுற்றுகிறது. அதற்குப் பிறகுதான் முன்சக்கரம் அசைகிறது. கையை விரித்து வைத்து அளந்தே பார்த்தேன். பாலிடெக்னிக்கில் இரண்டு விரல் அளவுக்கு மேல் ஆட்டம் இருந்தால் வண்டியை ரோட்டில் எடுக்காதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். இது ரோட்டுக்குப் போகிற வண்டி இல்லை. திராட்சைப் பந்தலுக்குள் மருந்து டேங்க் இழுக்கிற சின்ன டிராக்டர். வரிசைக்கு வரிசை கல்தூண். இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் முழம்தான் இடைவெளி.

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஒரு வாரம். ஒரகடத்து வண்டிக் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டபிறகு நான்கு மாதம் வீட்டில் கிடந்தேன். கம்பத்துக்குத் தெற்கே ரெங்கசாமி முதலாளியின் தோட்டத்தில் மோட்டார் பார்க்க, மருந்து அடிக்க ஆள் வேண்டுமென்று அம்மா கேட்டுக்கொண்டு வந்தாள். மருந்துக் கம்பெனி முதலாளிக்குக் கொடுத்த டைரி மோட்டார் செட்டில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஒரு பூச்சியின் படம். மேலே காலி. எழுதுகிறேன்.

டிராக்டரை ஓட்டுகிறவர் ராசாங்கம் மாமா. எங்கள் தெருதான். ஐம்பத்திரண்டு வயது. வண்டி வாங்கிய நாளிலிருந்து, அதாவது இருபத்தோரு வருடமாக, அவர்தான் ஓட்டுகிறார். லைசென்ஸ் கிடையாது. தோட்டத்துக்குள் எவன் கேட்கப் போகிறான்? இரண்டு வருடத்துக்கு முன் முதலாளியின் அக்கா மகன் ஹரீஷை டிராக்டரில் ஏற்றி, மாமாவைக் களை வெட்ட அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். ஹரீஷ் முதல் வரிசையிலேயே இரண்டு தூணைச் சாய்த்துவிட்டான். மறுநாளே மாமாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இதை மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஏ சுருளி, இந்தக் கழுதைக்கு என் கை மட்டுந்தான்டா புரியும்."

ஜூன் 4, செவ்வாய்

மோட்டார் ஃபுட்வால்வு மாற்றினேன். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 6, வியாழன்

மருந்து அடிப்பு. மாமா ஓட்டினார், நான் பின்னால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இலையில் வருகிற அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கிற மருந்து. டப்பாவில் முகமூடி, கண்ணாடி, கையுறை போட்ட மனிதன் படம் இருக்கிறது. எங்களிடம் துண்டு இருக்கிறது. பக்கத்து வரிசையிலேயே பொம்பளையாட்கள் கொத்துக்குள் நெருக்கமான காயைக் கத்தரித்துக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து அடிக்கிற நாளில் அவர்களை வேறு பக்கம் அனுப்ப வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "அப்ப இந்தப் பக்கத்த உங்கப்பன் வந்து கழிப்பானா?" என்றான். அப்பா செத்து ஆறு வருடமாகிறது. அவனுக்கும் தெரியும்.

பதினோரு மணிக்கு வாய்க்கால் கரையில் சக்கரம் ஏறி ஸ்டியரிங் வெட்டியது. காய் கழித்த அலுப்பில் மலர்க்கொடி அக்கா வரிசையோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். டயர் அவர் பாதத்துக்கு நாலு விரல் தள்ளிப் போனது. மாமா ஒரே இழுப்பில் வண்டியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அக்கா திட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது.

கம்பெனியில் இப்படி ஒன்று நடந்திருந்தால் லைனை நிறுத்துவார்கள். மனிதன் மேல் உள்ள அக்கறையினால் இல்லை, வழக்கு வரும் என்பதால். இங்கே வழக்கும் வராது.

மாமாவிடம் முதலாளியிடம் சொல்லிச் சரிசெய்யலாமே என்றேன். "இருக்குறது இருக்கட்டும்டா" என்றார். இருபத்தோரு வருடம் கைகட்டி நின்றால் மனிதன் இப்படித்தான் ஆகிவிடுவான் போலிருக்கிறது. முதலாளியிடம் வாய் திறக்கப் பயம்.

ஜூன் 8, சனி

நானே கேட்டேன். முதலாளி கார் கண்ணாடியைப் பாதி இறக்கிக் கேட்டார். உள்ளிருந்து குளிர்காற்று என் முகத்தில் அடித்தது. முன்சக்கரத்தைத் திருப்புகிற மூட்டு, பால் ஜாயிண்ட், தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங் பாக்ஸை டைட் வைக்க வேண்டும், பொம்பளையாட்கள் காலடியில் ஓடுகிற வண்டி என்று விளக்கிச் சொன்னேன்.

"ஓடுதுல்ல?"

"ஓடுதுங்க. ஆனா—"

"ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கிறே? அறுப்பு முடியட்டும்."

கண்ணாடி ஏறிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

லீவு நாள். யாரிடமும் சொல்லாமல் போனேன். பால் ஜாயிண்டுக்குச் சாமான் வேண்டும், ஸ்டியரிங் பாக்ஸுக்கு ஒரு ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் போதும். பாக்ஸின் மேல் ஒரு ஸ்குரூ, அதைப் பூட்டி வைக்க ஒரு நட்டு. நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவை அரைச் சுற்று உள்ளே கொடுத்து, நட்டைத் திரும்பப் பூட்டினால் உள்ளே பல்லும் பல்லும் நெருங்கும். அதிகம் கொடுத்தால் ஸ்டியரிங் இறுகிவிடும், முழுதாகத் திரும்பாது. அரைச் சுற்று சரியாக இருந்தது. ஒரு சாண் ஆட்டம் அரைச் சாணாகக் குறைந்துவிட்டது. பத்து நிமிட வேலை. இருபத்தோரு வருடமாக ஒருவனுக்கும் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

மாமா வண்டியை எடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். இறங்கி வந்து என்னைப் பார்த்தார். "நீயா?" என்றார். ஆமாம் என்றேன். திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

ஜூன் 12, புதன்

திரும்பவும் ஒரு சாண். நட்டு தளர்ந்திருக்கிறது. அதிர்வில் கழன்றிருக்க வேண்டும். ஸ்குரூவைத் திரும்ப அரைச் சுற்றுக் கொடுத்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு நட்டை இறுக்கினேன். நட்டிலிருந்து பாக்ஸ் வரை வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவைத்தேன். நட்டு நகர்ந்தால் கோடு முறியும்.

ஜூன் 14, வெள்ளி

கோடு முறிந்திருக்கிறது. சரியாக அரைச் சுற்று. நட்டின் மூலையில் ஸ்பானர் வழுக்கிய தடம், புதிதாக, பளபளவென்று. திரும்பவும் இறுக்கிவைத்தேன்.

இது அதிர்வு இல்லை. ஒருவன் வேண்டுமென்றே செய்கிறான். யாருக்கு லாபம் என்று யோசித்தேன். ஹரீஷ்தான். தான் ஓட்டித் தூணைச் சாய்த்த வண்டி நன்றாக ஓடினால் அவனுக்குத்தானே கேவலம்? முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வண்டி கெட்டிருந்தால்தான் தங்கள் மானம் நிற்கும்.

ஜூன் 15, சனி

ஹரீஷ் பைக்கில் வந்தான். நேராகவே கேட்டேன். அவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அந்தச் சனியனத் தொட்டே ரெண்டு வருசமாச்சு. எனக்கு நட்டுன்னா எந்தப் பக்கம் திருகணும்னே தெரியாது ப்ரோ." பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனாலும் இவர்கள் முகத்தை நம்ப முடியாது.

மாமா டேங்கைக் கழுவிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 17, திங்கள்

மழைத் தூறல். மருந்து அடிக்க முடியாது. மாமா என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வடையும் வாங்கிக்கொடுத்தார். வழக்கம் இல்லை. ஒரகடத்தில் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டார்.

சொன்னேன். ஆக்சில் பூட்டுகிற இடத்தில் நான் இரண்டு வருடம். அங்கே ஒரு போல்ட் அடிக்கடி வளைந்து உட்காரும். எந்தக் கோணத்தில் பிடித்தால் நேராக உட்காரும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மற்ற ஷிப்டில் தகராறு வந்தால் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, உன் வேலையை வரிசைப்படி எழுதிக்கொடு, மற்றவர்களுக்கும் உதவும் என்றார். படம் போட்டுப் பதினோரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். மேடையில் ஏற்றி ஒரு காபிக் கோப்பை பரிசு கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் புதிதாகப் பசங்கள் வந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்து இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். என்னோடு சேர்த்து எழுபது பேர் வெளியே.

மாமா வடையை வாயருகே வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீயே எழுதிக் குடுத்தியா?"

"கேட்டாங்க மாமா."

"கேட்டாங்கன்னு குடுத்துட்டியாக்கும். படமும் போட்டு."

புரையேறும்வரை சிரித்தார். டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை போன கதையில் சிரிக்க என்ன இருக்கிறது? வடைக்கு நான்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 19, புதன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் செட்டுக்குத் துண்டு எடுக்கத் திரும்பிப் போனேன். டிராக்டரின் பானெட் திறந்திருந்தது. மாமா குனிந்து நின்றார். கையில் பதினேழாம் நம்பர் ஸ்பானர்.

என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். நட்டைப் பூட்டி, எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்தார்.

"பாவம், ஹரீசுப் பயலப் போயிக் கேட்டுட்டியே" என்றார்.

கத்தினேன். மலர்க்கொடி அக்காவின் கால் போயிருந்தால் என்று கேட்டேன். உங்கள் பெண்டாட்டியும் அதே வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். சீனியம்மா அத்தை காய் கழிக்கிற கூட்டத்தில்தான் இருக்கிறார். எவ்வளவு கேட்டும் அவர் குரலை உயர்த்தவில்லை.

"என் கையில இதுவரைக்கும் ஒரு தூணு உரசலடா. ஒருத்தி கால்ல பட்டதில்ல. வண்டி நேரா ஓடுச்சுன்னா எவன் வேணாலும் ஓட்டுவான். எவன் வேணாலும் ஓட்டுற வண்டிக்கு என்னைய எதுக்குடா வச்சுக்கிறான் உங்க மொதலாளி? ஐம்பது வயசுக்கு மேல, லைசன்சு இல்லாதவன. இந்த ஒரு சாணுதான்டா எனக்குச் சோறு."

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

மாமாவோடு பேசவில்லை. மருந்து எட்டு வரிசை.

ஜூன் 22, சனி

மூன்று நாளாக யோசித்தேன். அவர் சொல்வது தவறு. அவர் சொல்வது உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கிறது என்று புரியவில்லை. ஒரு மனிதன் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இயந்திரத்தைக் கெடுத்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால் குற்றம் இயந்திரத்தில் இல்லை. ஆனால் டயருக்குக் கீழே வருகிற காலுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது.

இன்று வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பால் ஜாயிண்டில் குண்டு கிண்ணத்தை விட்டுப் பாதி வெளியே நிற்கிறது. முழுதாகக் கழன்றால் ஒரு சக்கரம் ஒரு பக்கம், இன்னொன்று இன்னொரு பக்கம். ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும். மாமாவைக் கூப்பிட்டு அடியில் படுக்க வைத்துக் காட்டினேன். விரலை விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"இது என் கைக்கும் அடங்காதுடா" என்றார்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஜாயிண்டை மாற்றுவது. ஸ்டியரிங் பாக்ஸை அவர் வைத்தபடியே விடுவது. ஆபத்து போகும், வேலை நிற்கும். முதலாளியிடம் சொல்வதில்லை. சொன்னால் பிரிக்க விடமாட்டார், அல்லது முழுதாகச் சரிசெய்யச் சொல்லிவிடுவார். இரண்டுமே எங்களுக்கு ஆகாது.

சாயங்காலம் கம்பத்துக்குப் போய், தோட்டத்துக்கு வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடையில் என் காசில் ஜாயிண்ட் வாங்கி வந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

நல்ல வேலை நாள். முன்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கினோம். பழைய ஜாயிண்டின் பின் துருப்பிடித்து உடைந்தே வந்தது. சுத்தியலால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டினால்தான் கூம்பு கழலும். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்றாவது அடியில் விழுந்தது. கழற்றும்முன் எத்தனை மரை உள்ளே இருந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டேன். புதிதையும் அத்தனையே ஏற்றினேன். சக்கரம் இரண்டும் நேராக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் கயிறு பிடித்துப் பார்த்தோம். கிரீஸ் அடித்து, புதுப் பின் போட்டு, பின்னின் இரண்டு முனையையும் மடக்கினேன்.

சீனியம்மா அத்தை சாப்பாடு கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று கேட்டதற்கு மாமா, "உன் மருமகன் டிப்ளமாவ எனக்கு நடத்துறான்" என்றார். கருவாட்டுக் குழம்பு. மூன்று பேரும் டிராக்டர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிறகு மாமா ஸ்பானரை வைத்துத் தன் அரைச் சுற்று அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஆட்டம் அரைச் சாண் வந்தது. களத்தில் ஓட்டிப் பார்த்தார். "இது போதும். இந்த நட்டு அரைச் சுத்து லூசா இருக்குறவரைக்கும் புதுசா ஏறுறவன் பத்தடி போக மாட்டான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வண்டி கொஞ்சம் சீக்கிரம் திரும்புகிறதே என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பழகிவிடும் என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

காலை பத்து மணி. கிழக்குப் பக்கம் ஏழாவது வரிசை. வரிசை முடிந்து அடுத்ததற்குத் திரும்புகிற இடம். மாமாவின் கை இருபத்தோரு வருடமாக அந்த இடத்தில் ஒரு சாண் இழுத்துப் பழகிய கை. அதே சாணை இழுத்தது. வண்டிக்கு இப்போது பாதியே போதும். மூலைத் தூணில் நேராக மோதியது.

கல்தூண் இடுப்பில் ஒடிந்தது. மூலைத் தூண் போனால் கம்பி இழுவை போய்விடும். அடுத்தடுத்து நாலு தூண் சாய்ந்து, பந்தல் கிழிந்த வலைபோல இறங்கியது. காய் முழுக்கப் பச்சை. அறுப்புக்கு இன்னும் ஆறு வாரம். பொம்பளையாட்கள் மேற்குப் பக்கம் இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. மாமாவின் நெற்றியில் கம்பி கிழித்து ரத்தம்.

முதலாளி இருபது நிமிடத்தில் வந்தார். கீழே கிடந்த கொடியைச் செருப்புக் காலால் நகர்த்திப் பார்த்தார்.

"என்னய்யா, குடிச்சிருக்கியா?"

"இல்ல மொதலாளி. கை பெசகிப்போச்சு."

ஜாயிண்ட் மாற்றியதை மாமா சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவரே ஒன்று சொல்லியிருக்கும்போது நான் வேறு சொன்னால் அவர் பொய் சொன்னதாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமையே களத்தில் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்கலாம். வெயில் அதிகமாக இருந்தது.

ஜூன் 26, புதன்

முதலாளி வந்து ஸ்டியரிங்கைத் தானே ஆட்டிப் பார்த்தார். "இந்த ஆட்டத்த முதல்ல நிறுத்து. எவ்வளவு நேரம் ஆகும் சொல்லு" என்றார். பத்து நிமிடம் என்றேன். உண்மையைச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். முடித்தபோது இரண்டு விரல்கூட ஆட்டம் இல்லை.

"நீயே ஓட்டிக் காட்டு."

ஓட்டினேன். பந்தலுக்குள் தலையைக் குனிந்துகொண்டு முதல் வரிசையில் நுழைந்தேன். நினைத்த இடத்துக்குச் சக்கரம் போனது. விரல் நுனியால் தொட்டால் போதும். தூண் தூணாகக் கடந்துபோனது. வரிசை முனையில் ஒரே வீச்சில் திருப்பி அடுத்ததில் நுழைந்தேன். நான் சரிசெய்த வண்டி. அதைமட்டும் எழுதிவைக்கிறேன். நன்றாக ஓடியது.

திரும்பி வந்தபோது முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். மாமா நெற்றியில் பிளாஸ்திரியோடு மருந்து டேங்குக்குப் பக்கத்தில் நின்றார்.

"நாளையிலருந்து நீ ஓட்டு" என்றார் முதலாளி.

தற்காலிகமாகத்தான் என்று நினைத்தேன். சரிங்க என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

பத்து வரிசை அடித்தேன். மாமா வேலைக்கு வரவில்லை. காயம் ஆறட்டும். அவர் வந்ததும் நான் இறங்கிவிடுவேன்.

மலர்க்கொடி அக்கா, "இப்பத்தான்டா தம்பி பயமில்லாம கால நீட்டி ஒக்காந்திருக்கோம்" என்றார். அத்தையும் அங்கேதான் இருந்தார். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

மாமா வந்தார். சலவைச் சட்டை. முதலாளியிடம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டார். இருபத்தோரு வருடம் ஓட்டியவர், நேற்றுச் சேர்ந்தவன் மாதிரி கைகட்டிக்கொண்டு கேட்டார். களத்தில் நாலு சுற்றுச் சுற்றினார். முதல் சுற்றில் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. மூன்றாவதில் அடங்கிவிட்டது. பந்தலுக்குள் எடுத்துப் போனார். அரை மணி நேரத்தில் என்னைவிட நேராக ஓட்டினார். டயர்த் தடத்தைக் கயிறு பிடித்துப் பார்க்கலாம், அப்படி.

இறங்கி வந்து நின்றார்.

முதலாளி சொன்னது: "நல்லாத்தான் ஓட்டுற ராசாங்கம். சுருளியும் நல்லாத்தான் ஓட்டுறான். அவன் ரிப்பேரும் பாக்குறான், லைசன்சும் வச்சிருக்கான். நீ ஹோஸ் பிடிச்சுக்க, என்ன?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ஜாயிண்டை மாற்றியது நான், தூண் விழுந்ததற்குக் காரணம் நான் என்று. வாயைத் திறந்தேன். முதலாளி என் பக்கம் திரும்பி, "கிழக்குப் பக்கம் முடிச்சிட்டியா?" என்றார். முடித்துவிட்டேன் என்றேன்.

மாமா ஹோஸைத் தூக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார்.

ஜூலை 2, செவ்வாய்

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருநாள் தாமதம்தான். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஜாயிண்ட் வாங்கின அன்றைக்கே கடைக்காரன் போன் போட்டுச் சொல்லிவிட்டான் என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அதுக்கென்ன இப்ப? வண்டி ஓடுதுல்ல" என்றார்.

அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? நான் வேலையை விட்டால் மாமாவைக் கூப்பிடப் போவதில்லை. ஹரீஷ்கூட இப்போது ஓட்டிவிடுவான். அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

எஞ்சின் ஆயில் மாற்றினேன். காற்று ஃபில்டர் சுத்தம்.

ஜூலை 9, செவ்வாய்

மாமா கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறாராம். விடியுமுன்னே ஜீப்பில் பதினெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். உட்கார்ந்தவன் மடியில் இன்னொருவன். சாயங்காலம் இருட்டிய பிறகு இறக்கிவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு ஜீப்பாவது அந்த வளைவுகளில் உருளுகிறது. பேப்பரில் நாலு வரி வரும், பெயர் வராது. அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கை யார் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

தெருவில் எதிரே வந்தார். "என்னடா, வண்டி எப்டி ஓடுது?" என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன். "கிரீஸ் மட்டும் மறக்காம அடி" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 12, வெள்ளி

மேற்குப் பக்கம் காலையில் ஆறு வரிசை. பத்து மணிக்கு டேங்கில் மருந்து கலக்க நிறுத்தினேன். சீனியம்மா அத்தை கூடையோடு வந்தார். இத்தனை நாளில் அவராக வந்து பேசுவது இதுதான் முதல்முறை. சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு, டிராக்டரின் பானெட்டில் கை வைத்தார்.

"ஏ சுருளி, கோவிச்சுக்கிராத. ஒண்ணு கேக்கேன். உங்க மாமா நேத்து கஞ்சி குடிக்கைல சொன்னாரு. இதுக்குள்ள ஒரு நட்டு இருக்காமே. அத அரைச் சுத்துத் திருப்பி விட்டா வண்டி பழையபடி ஆயிருமா? யாரும் ஓட்ட முடியாதபடி?"

அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான். ஸ்பானர் சீட்டுக்கு அடியில் இருந்தது. மருந்துக் குச்சியை எடுத்து டேங்கைக் கலக்கினேன். கட்டி கரைகிறவரை கலக்க வேண்டும், இல்லையென்றால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

"ஆகாது அத்தை" என்றேன். "ஜாயிண்டெல்லாம் புதுசு. நட்ட லூசாக்கினாலும் இனிமே ஒண்ணும் ஆகாது."

பானெட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பச் சரி. படிச்ச பிள்ள, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் குனிந்து போனார்.

மத்தியானத்துக்குள் இன்னும் ஐந்து வரிசை முடித்தேன். மொத்தம் பதினொன்று. நாளைக்கு வடக்குப் பக்கம்.